உலக்கை எடுக்காத நேரம்

தூக்கம் வராதவன் என்று பெயர் எடுத்துவிட்டால் போதும், யோசனை சொல்லாத வாயே ஊரில் இருக்காது. யுத்தம் நடந்த வருஷங்களில் நான் தூத்துக்குடியில் ஒரு நூல் மில்லில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, வேட்டித் துணிக்கு வரிசை என்று இருந்த அந்தக் காலத்தில், வரிசையில் நிற்காமல் எனக்குக் கிடைத்தவை இந்த யோசனைகள் மட்டும்தான். ஒன்று விடாமல் செய்து பார்த்தேன். கடைசியில் எனக்குத் தூக்கம் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு நான் வாய் திறந்து நன்றி சொன்னதே இல்லை. அந்த வயதில் அதெல்லாம் சொல்லத் தெரியவில்லை. இப்போது எழுதியாவது வைக்கிறேன்.

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருந்தது. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்ததும் அதை அக்காவும் அத்தானும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, கல்யாணமான ஆறாவது மாதம் மனைவியோடு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தேன். பட்டாளத்துக்குக் கூடாரத் துணி வேண்டுமென்று மில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்தவனுக்கு இரவு வேலைதான் கொடுப்பார்கள். ராத்திரி பதினொரு மணிச் சங்குக்கு உள்ளே போனால் காலை ஏழு மணிச் சங்குக்கு வெளியே வருவேன்.

நூற்கும் மிஷினுக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே, அறுந்த இழைகளை விரலால் சேர்த்துவிடுவது என் வேலை. கண் அசந்தால் இழை போகும், இன்னும் கொஞ்சம் அசந்தால் விரல் போகும். எனக்கு இரண்டு மிஷின் தள்ளி நின்றவருக்குப் பல்சக்கரத்தில் இரண்டு விரல் போனது. அவர் குடிகாரரோ கவனம் கெட்டவரோ இல்லை, வீட்டில் பச்சைக் குழந்தை, பகலில் தூங்க முடியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேஸ்திரி தூங்கி விழுகிறவர்களைச் சும்மா விடுவதில்லை. என்னை இரண்டு முறை பிடித்துவிட்டார். இரண்டாம் முறை என் சட்டையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "ஏலே, இன்னொரு மட்டம் நீ நின்னுக்கிட்டே ஒறங்குறதப் பாத்தேன், சீட்டக் கிழிச்சிருவேன். கையில்லாம ஒன்ன வீட்டுக்கு அனுப்புறதுக்கு வேலையில்லாம அனுப்புறது மேல்" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வேலை போனால் திரும்பிப் போய் நிற்க எங்கள் நிலத்தில் ஒரு கதிர் கூட இல்லை.

ஆகவே நான் பகலில் தூங்கியே ஆக வேண்டும். அதற்குத்தான் வழியில்லை.

நாங்கள் குடியிருந்தது ஒரு வளவு. ஏழு வீடுகள், நடுவில் ஒரே முற்றம், உப்புத் தண்ணீர்க் கிணறு ஒன்று, கல் உரல் இரண்டு. அரிசி கிடைக்காத காலமாதலால் எல்லா வீட்டிலும் கம்பும் சோளமும்தான். விடிந்ததிலிருந்து உரலில் உலக்கை விழுந்துகொண்டே இருக்கும். ஒரு வீட்டுக்காரி இடித்து முடித்தால் அடுத்தவள் தயாராக நிற்பாள். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து உரல் நாலடி. பாயில் படுத்தால் ஒவ்வொரு குத்தும் தரை வழியாக வந்து என் காதில் ஏறும். இது போதாதென்று கிணற்று உருளையின் கிறீச்சு, மீன்காரி, சாணை பிடிப்பவன், உப்பு வண்டிகள். சத்தம் போடாதீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பட்டப்பகலில் தூங்குகிறவன் எங்கள் பக்கத்தில் ஒன்று சோம்பேறி, இல்லையென்றால் சீக்காளி. இரண்டில் எந்தப் பெயரும் வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு புரள்வேன்.

முதல் யோசனை சொன்னது தெருமுனைக் கடை அண்ணாச்சி. கசகசாவை அரைத்துப் பாலில் போட்டுக் குடி என்றார். காலையில் குடித்தேன். பகல் முழுக்கக் கண் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு, மிஷினுக்கு முன்னால், அந்தக் கசகசா தன் வேலையைக் காட்டியது. மேஸ்திரி என்னை இரண்டாம் முறை பிடித்தது அன்றைக்குத்தான்.

எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அடித்துப் போட்டது போலத் தூக்கம் வரும் என்றார் மில்லில் ஒருவர். அது உண்மைதான். சனிக்கிழமை காலையில் என் மனைவி உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள், வெந்நீரில் குளித்தேன், சாப்பிட்டேன், கண் தானாகச் சொருகியது. உடனே விலாவில் ஒரு குத்து. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாதாம், ஜன்னி வருமாம். சாயங்காலம் வரைக்கும் விசிறிக் காம்போடு பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் குத்திக்கொண்டே இருந்தாள். தூங்குவதற்காக எண்ணெய் தேய்த்தேன், எண்ணெய் தேய்த்ததால் தூங்க முடியவில்லை. இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? அவள் கண்ணில் தெரிந்த பயத்தைப் பார்த்தால் கோபமும் வரவில்லை.

கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். பழுது பார்ப்பதற்காகக் கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு பெரிய தோணியின் நிழலில் துண்டை விரித்தேன். நல்ல காற்று, கண் அயர்ந்தேன். நான் நகராவிட்டாலும் நிழல் நகரும் என்பதை யோசிக்கவில்லை. எழுந்தபோது இடது பக்கம் முழுக்க வெந்துபோயிருந்தது. ஒரு வாரம் ஒருக்களித்தே படுத்தேன்.

இதையெல்லாம் இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. அக்கா மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், மாமன் நான் ஒருத்தன்தான். மில் வாசலிலிருந்து நேரே பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அது கரி வாயுவில் ஓடுகிற பஸ், கரியை மூட்டிக் கிளப்பவே வெகு நேரமாகும். அதுவரை உட்காரலாம் என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது பஸ் போய்விட்டிருந்தது, முகூர்த்தமும் போய்விட்டிருந்தது. பிள்ளைக்கு யாரோ ஒரு பங்காளி மடியில் வைத்துக் காது குத்தினார்களாம். சபையில் அக்கா தலைகுனிந்து நின்றாளாம். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, மில்லில் லீவு கொடுக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். லீவு கொடுக்காத மில்லோடேயே அவன் உறவு கொண்டாடட்டும் என்று பதில் வந்தது. பிறகு ஒரு வருஷம் அக்கா என்னோடு பேசவில்லை. எனக்கு அம்மா இல்லை, அவள்தான் இருந்தாள். படுத்தால் உலக்கைச் சத்தத்தோடு இதுவும் சேர்ந்து மண்டைக்குள் இடிக்க ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் வேலை முடிந்து வந்து குளிப்பதற்காகக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். வாளியை இறக்கியது ஞாபகமிருக்கிறது. அடுத்து ஞாபகமிருப்பது, என் அரைஞாண் கயிற்றை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து என்னைத் தரையில் தள்ளியது. எதிர் வீட்டு அம்மாள். அவர் கணவர் கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டல், தோணியை நடத்துகிறவர். வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். அந்த அம்மாள் ஒரு பிடி பிடித்திராவிட்டால் நான் கயிற்றோடு கிணற்றுக்குள் போயிருப்பேன்.

"சேசுவே, இந்த மனுசன் நின்னபடிக்கே ஒறங்குதான்!" என்று கத்தினார். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டு, நான் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே சொன்னாள். இரண்டு உரலிலும் உலக்கைகள் நின்றுவிட்டன. அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து முற்றத்தின் நடுவில் நின்று வளவு முழுமைக்கும் கேட்கும்படி பேசினார்.

"எங்க வீட்டாளு தோணியில போயிட்டு வந்தாவன்னா ரெண்டு பகல் அப்படியே கெடப்பாவ. சத்தம் வருமேன்னு நான் குசினிக் கதவக்கூட அடைக்க மாட்டேன். கண்ணு மூடாதவன் என்ன ஆவான்னு கடல்ல ஆளு அனுப்புறவளுக்குத் தெரியும். ஏளா, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இடிக்கிறது, பொங்குறது எல்லாத்தையும் ஒம்பது மணிக்குள்ள முடிச்சிருங்க. அதுக்கப்புறம் மூணு மணிச் சங்கு ஊதுற வரைக்கும் இந்த வளவுல ஒலக்க எடுக்கப்பிடாது."

யாராவது எதிர்த்துப் பேசுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் பேசவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்பே உரல் சத்தம் ஆரம்பித்தது, ஒன்பது மணிக்கு நின்றது. கிணற்று உருளைக்கு யாரோ விளக்கெண்ணெய் விட்டிருந்தார்கள். மீன்காரியை வாசலிலேயே மறித்து, கூவாமல் விற்றுவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர்களுக்கு இது எவ்வளவு தொந்தரவு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் எனக்காகத் தங்கள் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டிக்கொண்டு எழுந்தார்கள். எனக்கு அவர்கள் உறவுமில்லை, சாதிசனமுமில்லை.

என் பங்குக்கு நானும் ஏற்பாடுகள் செய்தேன். ஜன்னலைச் சாக்கால் அடைத்தேன். ஈ மொய்க்காமல் இருக்க வெள்ளை வேட்டியைத் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டேன். மில் பஞ்சில் இரண்டு உருண்டை பிடித்துக் காதுகளில் வைத்துக்கொண்டேன். தலையைத் தெற்கே வைத்துப் படுத்தேன். முதல் நாள் நாலு மணி நேரம் தூங்கினேன். அந்த வாரக் கடைசியில் கனவே இல்லாமல் ஆறு மணி நேரம். எழுந்து முகம் கழுவும்போது கை கால் எல்லாம் புதிதாகக் கொடுத்தது போல இருந்தது. சோற்றில் உப்பு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் நாக்குக்குத் தெரிந்தது.

இப்படிப் பத்து நாள் போயிருக்கும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தூத்துக்குடிக்குப் பருத்தி போட வந்தவர், முன்பு எப்போதோ மில் வாசலில் என்னைப் பார்த்திருக்கிறார். ஊருக்குப் போய் அக்காவிடம், "ஒன் தம்பி ஆளே இல்ல தாயி, கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிட்டு. நாள எண்ணிக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு வீம்பு எல்லாம் எங்கே போனதோ தெரியாது. அந்த வருஷம் தப்பிப் பிழைத்த கம்பில் ஒரு மூட்டையும் கருப்பட்டியும் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் வழி கேட்டிருக்கிறாள். அவருக்கும் எங்கள் வளவின் ஏற்பாடு தெரியும். குரலைத் தாழ்த்தி, "அந்த வளவா? நேரா போங்கம்மா. சத்தங்காட்டாமப் போங்க" என்றிருக்கிறார். அங்கேயே அக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

உள்ளே வந்தவள் கண்ட காட்சி இது. காலை பதினொரு மணி. ஒரு வீட்டிலும் அடுப்பு புகையவில்லை. உரல்கள் சும்மா கிடக்கின்றன. பெண்கள் பூவரச நிழலில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு தெருவில் சாவு விழுந்தால்தான் உலக்கை நிற்கும், அடுப்பு அணையும். எதிர் வீட்டு அம்மாள் எழுந்து வந்து, பேசாமல் அக்காவின் கையைப் பிடித்து எங்கள் வீட்டைக் காட்டியிருக்கிறார். எட்டிப் பார்த்தால் இருட்டு அறை. தெற்கே தலை வைத்து, வெள்ளை வேட்டி மூடி, நான் நீட்டிக் கிடக்கிறேன். ஓரம் விலகிய இடத்தில் காதில் பஞ்சு தெரிகிறது. தலைமாட்டில் என் மனைவி, தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, ஈ விசிறுகிறாள்.

மூட்டையைப் போட்டுவிட்டு அக்கா மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள்.

பஞ்சையும் மீறி ஒரு அழுகை எனக்குக் கேட்டது. பாவம், வளவில் யாரோ இறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். யாராக இருக்கும் என்று தூக்கத்திலேயே ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தேன். பிறகு குரல் பிடிபட்டது.

"என்னப் பெத்த ராசா! மாமன் மடி இல்லாம எம் பிள்ளைக்குக் காது குத்துனாவளேன்னு ஒன்ன ஒரு வருசமா வைஞ்சேனே, இந்த வாயி புழுத்துப் போகாதா! ஒங்கிட்டப் பேசாம வச்சிருந்த பேச்சையெல்லாம் இனி யார்ட்டப் போயிச் சொல்லுவேன்!"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் உடனே எழுந்திருக்கவில்லை. ஒரு வருஷமாகக் கேட்காத குரல். இன்னும் ரெண்டு வார்த்தை பேசட்டுமே என்று அப்படியே கிடந்தேன். வேட்டிக்குள் என் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து காதுப் பஞ்சை நனைத்தது. இதற்குள் அழுகையைக் கேட்டு நான் நிஜமாகவே போய்விட்டேன் என்று நினைத்து வளவே ஓடிவந்து கூட ஆரம்பித்துவிட்டது. எதிர் வீட்டு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். என் மனைவி மட்டும், "மதினி, மதினி, ஒறங்குதாவ மதினி!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கேட்பார் இல்லை.

எழுந்து உட்கார்ந்தேன்.

முன்னால் நின்ற இரண்டு பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். அக்கா ஓடவில்லை. என் மூக்கில் கை வைத்து மூச்சைப் பார்த்தாள். பிறகு முதுகில் விழுந்தது அடி. சின்ன வயதில் அடித்த அதே கை.

"ஏலே, ஒறங்குனியா? பட்டப்பகல்ல காதுல பஞ்ச வச்சுக்கிட்டு ஒரு மனுசன் இப்படியா ஒறங்குவான்!"

முற்றத்தில் சிரிப்பு அடங்க வெகு நேரமானது. நான் சிரிக்கவில்லை. சொன்னால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அக்கா, அன்னைக்கு லீவு குடுக்கலன்னு சொன்னது பொய். பஸ்ஸுக்கு வந்து உக்காந்தேன். ஒறங்கிட்டேன். வெக்கமா இருந்துச்சு" என்றேன். மிஷினையும், மேஸ்திரி சொன்னதையும், கிணற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் என் மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"படு" என்றாள். மனைவியின் கையிலிருந்து விசிறியை வாங்கிக்கொண்டாள்.

படுத்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ நல்ல தூக்கம் தூங்கியிருக்கிறேன். அன்றைக்கு வந்ததைப் போல ஒன்று வரவில்லை. காதிலிருந்து விழுந்த பஞ்சைத் தேடி வைத்துக்கொள்ளக்கூட நினைவில்லை. முற்றத்தில் அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்திலேயே போய்விட்டேன்.

சங்கு ஊதியதும் விழித்தேன். மூணு மணி, நல்ல தூக்கம் என்று சோம்பல் முறித்தேன். ஆனால் வெயில் கிழக்குப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அது சாயங்கால வெயில் இல்லை. ஊதியது காலை ஏழு மணிச் சங்கு. ஒரு ராத்திரி வேலை முழுவதும் போயிருந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வேலை போச்சே! ஏன் எழுப்பல?"

"ஒம் பொண்டாட்டி எழுப்பத்தான் வந்தா. நான்தான் விடல. வேலையெல்லாம் ஒண்ணும் போகல. எதுத்த வீட்டு அம்மாளக் கூட்டிக்கிட்டு மில்லுக்குப் போயி ஒங்க மேஸ்திரிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்னன்னு சொன்ன?"

"எந் தம்பி ஒறங்குதான், எழுப்ப மனசு வரல, நாளைக்கு வருவான்னு சொன்னேன்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். தூங்கினால் சீட்டைக் கிழிப்பேன் என்ற மனிதரிடம் போய், அதுவும் வேலை நேரத்தில், தூங்குகிறான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'வராதவனுக்கெல்லாம் காய்ச்சலு, வயித்துவலி, ஊருல சாவு. ஒறங்குதான்னு சொல்லிக்கிட்டு இந்த வாசலுக்கு ஒருத்தரும் வந்ததில்லம்மா. வீட்டுல ஒறங்குறவன் மிஷின் முன்னால ஒறங்க மாட்டான், நாளைக்கு அனுப்பு'ன்னாரு."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்ததும் எரிச்சலும் கூடவே வந்தது. "அவரு நல்ல மூடுல இருந்ததால தப்பிச்சேன். நீயும் காய்ச்சல்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன அக்கா?" என்றேன்.

அக்கா புடைப்பதை நிறுத்தினாள்.

"ஏலே, நேத்துத்தான் இந்த வாயால ஒன்னச் சாகடிச்சு அழுதுட்டு நிக்கேன். அதே வாயால ஒனக்குக் காய்ச்சல்னு வேற சொல்லச் சொல்லுதியாக்கும்?"